வீடு மாறிய பிள்ளைக்கு மாலை ஆறு மணி

வீடு மாறப்போகும் பிள்ளையிடம் பெரியவர்கள் தவறாமல் சொல்லும் ஓர் ஆறுதல் உண்டு: "அங்கே போனால் உனக்கு நிறைய கூட்டாளிகள் கிடைப்பார்கள்." எங்கள் மகளிடமும் உறவினர் எல்லாரும் இதையே சொன்னார்கள். எப்படிக் கிடைப்பார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பெரியவர்களுக்கே புதிய இடத்தில் பழக்கம் ஏற்பட மாதக்கணக்காகும்போது, உடன்பிறந்தவர் யாருமில்லாத, இயல்பாகவே கூச்சமுள்ள எட்டு வயதுப் பிள்ளை தானாகப் போய் ஒரு விளையாட்டுக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. என் வேலை மாற்றத்தால் பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் செந்தூலுக்கு நாங்கள் குடிவந்த பிறகு எங்களுக்குத் தெளிவான ஒன்றை, இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காக எழுதிவைக்கிறேன். பிள்ளைக்கு நட்பை நாம் ஏற்பாடு செய்து தர முடியாது. ஒரே முகங்களை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் மறுபடி மறுபடி பார்க்கும் வாய்ப்பை ஏற்பாடு செய்து தர முடியும்.

பட்டர்வொர்த்தில் எங்களுடையது வரிசைத் தரை வீடு. மாலையானால் அந்த வரிசையில் பாதி வீடுகளின் வெளிக்கதவு திறந்தே கிடக்கும். அஞ்சடியில், அதாவது வீட்டு முன்புற நடைபாதையில், ஒரு பிள்ளை பூப்பந்து மட்டையோடு நின்றால் எதிர்வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். அது வெளியே வந்தால் அடுத்த வீட்டுச் சைக்கிள் தானாக வந்து நிற்கும். இரண்டு தெரு தள்ளித் தாத்தா பாட்டி வீடு. அங்கே நட்புக்காக எங்கள் மகள் எந்த முயற்சியும் செய்ததில்லை, செய்ய வேண்டிய தேவையும் இருந்ததில்லை. செந்தூலில் நாங்கள் வாடகைக்கு எடுத்தது பதினோராவது மாடி வீடு. இந்த ஒரு கட்டடத்தில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை எங்கள் பழைய வரிசையைப்போல் பல மடங்கு இருக்கும். ஆனால் கதவு, அதற்கு வெளியே இரும்புக் கதவு, நடைபாதை, மின்தூக்கி, கார் நிறுத்தும் தளம் என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் கண்ணில் படாமலேயே வந்துபோகும்படி கட்டப்பட்ட இடம் இது. பிள்ளைகள் நிறைந்த கட்டடத்தில் ஒரு பிள்ளை தனியாக இருப்பதற்கு அதன் குணத்தில் குறை தேட வேண்டியதில்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் திருமணமான மாணவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு ஒன்றை லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 1950இல் முடிவுகளை வெளியிட்டார்கள். யார் யாருக்கு நண்பர் என்று கேட்டபோது, அடுத்தடுத்த வீட்டுக்காரர்களே மிகுதியும் நண்பர்களாக இருந்தார்கள் என்பதில் வியப்பில்லை. அதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு: கீழ்த்தளத்தில் மாடிப்படியின் அருகில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடி நண்பர்கள் கூடுதலாக இருந்தார்கள். மேலே இருப்பவர்கள் ஒவ்வொரு நாளும் அவர்கள் வாசலைக் கடந்து போனதுதான் அதற்குக் காரணம். ஆய்வில் இருந்தவர்கள் வளர்ந்தவர்கள், காலமும் நாடும் வேறு. ஆனாலும் அடுக்குமாடியில் பிள்ளை வளர்ப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நம் பிள்ளையின் வழியில் யார் குறுக்கிடுகிறார்கள் என்ற கேள்வியை நான் கேட்டுக்கொண்டது இதைப் படித்த பிறகுதான்.

பள்ளி இருக்கிறதே, அங்கே நண்பர்கள் கிடைக்கமாட்டார்களா என்று கேட்கலாம். கிடைத்தார்கள். ஆனால் அதில் கோலாலம்பூருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கூட்டரசுப் பிரதேசமான இந்த நகரத்தில் இருக்கும் தமிழ்ப்பள்ளிகள் 15. பட்டர்வொர்த் இருக்கும் பினாங்கு மாநிலத்திலோ 28. இவ்வளவு பெரிய நகரத்துக்கு இத்தனை குறைந்த பள்ளிகள் என்பதால் பிள்ளைகள் நாலா பக்கத்திலிருந்தும் வேனில் வந்து இறங்குகிறார்கள். என் மகளின் பக்கத்து இருக்கைப் பிள்ளை கெப்போங்கிலிருந்து வருகிறாள், பின்னால் இருப்பவள் கோம்பாக்கிலிருந்து. மதியம் ஒன்றரை மணிக்கு வேன்கள் ஒவ்வொரு திசையாகப் பிரிந்து போன பின் அந்த நட்புக்கு மறுநாள் காலைவரை வேலையில்லை. ஆகவே இங்கே பள்ளிக் கூட்டாளி வேறு, வீட்டுப் பக்கத்துக் கூட்டாளி வேறு; இரண்டையும் தனித்தனியாகத்தான் வளர்க்க வேண்டும். பெரும்பாலான தனிமை மாலை நேரத்தில்தான் வருகிறது என்பதால் நான் இரண்டாவதைப் பற்றியே கூடுதலாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். தனியாக இருக்கப் பிடித்த பிள்ளைகள் உண்டு. படம் வரைந்துகொண்டும் பொம்மைகளோடு பேசிக்கொண்டும் நிறைவாக இருக்கும் பிள்ளையை இழுத்துக்கொண்டுபோய்க் கூட்டத்தில் தள்ளுவது கொடுமை. எங்கள் மகளும் அப்படிப்பட்டவள்தானோ என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மாலை அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி, "நீல ஸ்கூட்டர்காரி இன்னைக்கு லேட்டு" என்று தனக்குத்தானே சொன்னதைக் கேட்டேன். பக்கத்தில் நின்று விசாரித்தபோது கீழே இருக்கும் விளையாட்டுத் திடலின் முழுக் கால அட்டவணையும் அவளிடம் இருந்தது: யார் எப்போது வருவார்கள், யாரோடு யாருக்குச் சண்டை, எந்தப் பையனை அவன் அம்மா மேலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்பதெல்லாம். தனிமையை விரும்பும் பிள்ளை மற்றப் பிள்ளைகளை இவ்வளவு கவனமாகப் பார்த்துவைக்காது.

அவள் சொன்ன அட்டவணையை வைத்துத்தான் நேரத்தைத் தேர்ந்தெடுத்தோம். இந்த நாட்டு மாலைப் பொழுதுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. மலாய்ப் பிள்ளைகள் பலர் பிற்பகலில் சமயப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். சீனப் பிள்ளைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் டியூஷன். ஐந்து மணிவரை வெயில் வேறு. ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் மக்ரிப் தொழுகைக்கான அழைப்பு கேட்டதும் திடல் பாதி காலியாகிவிடும். எஞ்சுவது மாலை ஆறு மணியிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். நான்கு மணிக்குக் காலித் திடலில் மகளை இறக்கிவிட்டு, "இங்கே பிள்ளைகளே இல்லை" என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோரை இப்போதும் பார்க்கிறேன். வேலை முடிந்து ஆறு மணிக்குள் வீடு திரும்புவது கோலாலம்பூர்ச் சாலைகளில் எளிதன்று; என் மனைவியும் நானும் நாட்களைப் பிரித்துக்கொண்டோம். மழை இல்லாத நாட்களில் அந்த ஒரு மணி நேரத்தை வேறு எதற்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். கடைக்குப் போவதும், சட்டைக்குப் பெட்டி போடுவதும், உறவினர் தொலைபேசி அழைப்பும் அதற்குப் பிறகே.

அடுத்தது, அங்கே போய் என்ன செய்வது. "போ, போய் அவர்களிடம் பேசு" என்று சொல்வதுபோல் ஒரு பிள்ளையைக் கூச வைப்பது வேறில்லை. தனியாகவும் விளையாடலாம், இன்னொருவர் வந்தால் சேர்ந்தும் விளையாடலாம் என்ற வகையில் கையில் ஏதாவது இருந்தால் பிள்ளைக்கு அங்கே உட்கார ஒரு காரணம் கிடைக்கிறது. தனியாக இருப்பது வெளியே தெரிவதில்லை. எங்களுக்கு அது அஞ்சாங்கல்லாக அமைந்தது. பட்டர்வொர்த் பாட்டி தம்முடைய பழைய புடவைத் துணியில் பச்சைப் பயறு நிரப்பித் தைத்துக் கொடுத்த ஐந்து சிறு பைகள். மலாய்க்காரர்கள் இதையே பத்து செரெம்பான் என்று ஆடுகிறார்கள். ஆகையால் விதிகளை விளக்க வேண்டிய தேவை இல்லை. மாறி மாறி ஆடுவதால் பேச்சும் குறைவாகவே போதும். பேச்சு குறைவு என்பது எங்களுக்கு உதவியாக இருந்தது, ஏனென்றால் அவளுடைய வடமாநில மலாய் உச்சரிப்பைக் கேட்டு இங்குள்ள பிள்ளைகள் முதலில் சிரித்திருக்கிறார்கள்.

மகள் ஊஞ்சலுக்குப் பக்கத்துச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து ஆடுவாள். நான் தள்ளியிருந்த இருக்கையில் மலேசிய நண்பன் நாளிதழை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்பா பக்கத்தில் நின்றால் மற்றப் பிள்ளைகள் நெருங்கமாட்டார்கள். அப்பா இல்லவே இல்லையென்றால் இவள் உட்காரமாட்டாள். அந்தத் தொலைவைக் கண்டுபிடிக்கத்தான் சில நாட்கள் பிடித்தன. முதல் சில வாரங்களில் எதுவும் நடக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். பிள்ளைகள் பார்த்தார்கள், கடந்து போனார்கள். ஒருத்தி நின்று பார்த்துவிட்டு ஓடிவிட்டாள். வீட்டிற்கு வந்ததும், "இன்றைக்கு யாராவது பேசினார்களா?" என்று கேட்காமல் இருப்பதுதான் எனக்குக் கடினமான வேலையாக இருந்தது. அந்தக் கேள்வி ஒவ்வொரு மாலையையும் தேர்வாக மாற்றிவிடும்.

பிறகு ஒரு பையின் தையல் பிரிந்தது. பச்சைப் பயறு சிமெண்டுத் தரையெங்கும் உருண்டோட, அந்த நீல ஸ்கூட்டர் பிள்ளையும் இன்னும் இருவரும் குனிந்து பொறுக்கத் தொடங்கினார்கள். எறும்புகள் தூக்கிக்கொண்டு போவதற்குள் எத்தனை பொறுக்க முடியும் என்று அது ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது. ஸ்கூட்டர் பிள்ளை கிழிந்த பையைத் தன் வீட்டிற்கு எடுத்துப்போய், மறுநாள் தன் பாட்டியிடம் தைத்து வாங்கி வந்தாள். சிவப்புப் புடவைத் துணியில் வெள்ளை நூல் தையல். உள்ளே பயற்றுக்குப் பதில் அரிசி. எடை வேறாக இருந்ததால் அந்தப் பை மட்டும் எப்போதும் கையிலிருந்து தவறியது, அதற்காகவே தனி விதி ஒன்றும் உண்டாக்கிக்கொண்டார்கள். இதை நான் திட்டமிட்டிருக்க முடியாது. ஆனால் அதே பிள்ளைகள் அதே நேரத்தில் அங்கே பல வாரமாக ஒருவரையொருவர் பார்த்திருக்காவிட்டால், அந்தப் பயற்றை மகளும் நானும் மட்டுமே பொறுக்கியிருப்போம்.

ஒரு கூட்டாளி கிடைத்ததும் நாங்கள் மேலும் தேடவில்லை. கூச்சமுள்ள பிள்ளைக்கு ஒருத்தி போதும். அவள் மூலம் மற்றவர்கள் தாமே வருவார்கள். பிறந்தநாள் விருந்து வைத்து மாடி முழுக்கக் கூப்பிடலாம் என்ற யோசனை எங்கள் குடும்பத்தில் எழுந்தது. விருந்துக்கு வரும் பிள்ளைகள் கேக் தின்றுவிட்டுப் போய்விடும் என்பது என் எண்ணம். வாரந்தோறும் ஒரே கிழமையில் கோயிலில் நடக்கும் தேவார வகுப்பு அந்த விருந்தைவிடப் பயன் தந்தது. திருமுறை ஓதும் விழாவுக்குப் பயிற்சி தொடங்கினால் மாதக்கணக்கில் அதே பிள்ளைகள், அதே பாய், அதே பதிகம்.

பள்ளியைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வகுப்பாசிரியரிடம் "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் எந்த ஆசிரியரும் சரியென்பார். எதைப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கும் தெரியாது. திட்டவட்டமாகக் கேட்பது நல்லது. முதல் வாரம் ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குக் கூட்டிப்போக ஒரு பிள்ளையை நியமியுங்கள், அதே வேனில் வரும் பிள்ளை வகுப்பில் இருந்தால் அருகில் உட்கார வையுங்கள், பயிற்சிப் புத்தகங்களை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோவது போல் ஒரு சிறு வேலையைக் கொடுங்கள் என்று கேட்டோம். ஆசிரியர் மூன்றையும் செய்தார். புதிய பள்ளியில் பிள்ளைகளுக்கு மிகவும் பயமாக இருப்பது ஓய்வு நேரம்தான் என்பதை அவரே எங்களுக்குச் சொன்னார்; பாட வேளையில் எங்கே உட்காருவது, என்ன செய்வது என்பதெல்லாம் தெரியும், மணியடித்த பின்தான் எதுவும் தெரியாது.

வீட்டைப் பற்றி இரண்டொன்று. பொருள்களை ஏற்றும்போது மகளின் பெட்டிகளைக் கடைசியாக ஏற்றி, இங்கே வந்ததும் முதலில் இறக்கிப் பிரித்தோம். வரவேற்பறை குப்பையாகக் கிடந்த முதல் இரவே அவள் படுக்கை பழைய படுக்கையாக இருந்தது. புது வீடு, புதுத் துணி என்று எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்ற ஆர்வத்தில், பிள்ளை கட்டிக்கொண்டு தூங்கும் அந்தப் பழைய பந்தால் பூசோக்கை, அதாவது நாற்றமடிக்கும் தலையணையை, தூக்கியெறிந்துவிடாதீர்கள். துவைக்கவும் அவசரப்பட வேண்டாம். பால் காய்ச்சியபோது பானையில் பால் ஊற்றியதும் பொங்கியதைக் கூவிச் சொன்னதும் மகள்தான்.

இனி, விட்டுவந்த இடத்தைப் பற்றி. பழைய ஊரை மறந்தால்தான் புதிய ஊரில் மனம் ஊன்றும் என்று பலர் அறிவுரை சொன்னார்கள். எனக்கு உடன்பாடில்லை. எப்போது திரும்பிப் போய்ப் பார்ப்போம் என்பது தெரிந்த பிள்ளை காத்திருக்கும். தெரியாத பிள்ளை ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டே இருக்கும். 2015இலிருந்து இ.டி.எஸ். மின்ரயில் பட்டர்வொர்த்துக்கு ஓடுகிறது, கே.எல். சென்ட்ரலிலிருந்து ஏறினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறையப் பட்டர்வொர்த் வந்துவிடுகிறது. பள்ளி விடுமுறைக்கான டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து நாள்காட்டியில் அவளையே வட்டமிடச் சொன்னோம்.

அதுவரை தாத்தா ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் அழைப்பார். "நீ இல்லாமல் வீடே வெறிச்சென்று கிடக்கிறதம்மா" என்பார். அன்பினால் சொல்வதுதான். ஆனால் அந்த அழைப்புக்குப் பிறகு மகள் சாப்பிட உட்காரமாட்டாள். தான் வந்துவிட்டதால்தான் தாத்தா வருந்துகிறார் என்ற பாரம் அவள்மேல் ஏறியிருந்தது. பெரியவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கிவிட்டு, "அப்பா, அவளிடம் பப்பாளி மரத்தைப் பற்றியும் பூனையைப் பற்றியும் பேசுங்கள், அவள் அதைத்தான் கேட்க விரும்புகிறாள்" என்று சொன்னேன். அவர் உடனே புரிந்துகொண்டார். அன்றிலிருந்து பூனை யார் வீட்டுக் கருவாட்டைத் திருடியது என்பது நாள்தோறும் செய்தி அறிக்கைபோல் வந்துகொண்டிருக்கிறது. எதிர்வீட்டுப் பழைய கூட்டாளியோடு காணொளியில் பேசச் செய்தது அவ்வளவாக எடுபடவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேச ஒன்றுமில்லாமல் நெளிந்தார்கள். கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு இருபக்கமும் ஒரே படத்தை வரையலாம் என்று ஏற்பாடு செய்த பிறகுதான் பேச்சு வந்தது.

விடுமுறையில் போனபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்தக் கூட்டாளிக்கு இதற்குள் வேறொரு பிள்ளை நெருக்கமாகியிருந்தாள். மூவரும் விளையாடினார்கள், ஆனால் அவர்கள் இருவருக்கும் மட்டுமே புரிந்த வேடிக்கைகளுக்கு என் மகள் சிரிக்க முயன்றுகொண்டிருந்தாள். அன்றிரவு பாட்டி மடியில் படுத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். "அதனால் என்ன, உனக்குத்தான் கே.எல்.லில் புதுக் கூட்டாளி இருக்கிறாளே" என்று நான் சொல்லப்போனேன், பாட்டி கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார். ஈடுகட்டிப் பேசும் நேரம் அதுவன்று என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அழுது முடித்த பிறகு அவளே எழுந்து இரண்டு தோசை கேட்டாள். மறுநாள் மூவரும் மீண்டும் விளையாடினார்கள். இம்முறை அவள் செந்தூல் விதிகளோடு அஞ்சாங்கல் ஆடக் கற்றுக்கொடுத்தாள்.

புதிய ஊரில் பிள்ளைக்குத் தன்னுடையதென்று தெரிந்த வழி ஒன்றாவது இருக்க வேண்டும். எங்கள் மகளுக்கு அது 2010இல் பத்துமலைவரை நீட்டிக்கப்பட்ட கொம்யூட்டர் ரயில் பாதை. செந்தூலில் ஏறினால் பத்து கெந்தோமென், கம்போங் பத்து, தாமான் வாஹ்யு, அதற்கடுத்துப் பத்துமலை. இந்தப் பெயர்களை வரிசை தவறாமல் ஒப்பித்து, எந்தத் தளமேடையில் நிற்க வேண்டும் என்று எங்களுக்கு வழிகாட்டுவது அவள் பொறுப்பு. ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வந்தபோது அவர்களை அழைத்துப்போனவள் அவள்தான். 272 படிகளைத் தாத்தா ஏறவில்லை. கீழேயே உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். குரங்குகளிடம் பையைக் காட்டக்கூடாது என்று ஊர்க்காரிபோல் அவரை எச்சரித்துவிட்டு அவள் பாட்டியோடு மேலே போனாள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இவை போதுமானவையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஞாயிறு இரவானால் வயிற்றுவலி, காலையில் வேன் வரும் நேரத்தில் குமட்டல் ஆகியவை மனக்கலக்கத்தின் உடல் வடிவங்களாக இருக்கலாம். அவை நடிப்பு அல்ல, வலி உண்மையானது. முதல் சில வாரங்களில் இவை வருவதும் மெல்லக் குறைவதும் இயல்பு. ஆனால் குறையாமல் நீடித்தால், உறக்கமும் பசியும் கெட்டால், நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்கினால், முன்பு விரும்பியவற்றில்கூட நாட்டம் போய்விட்டால் காத்திருக்க வேண்டாம். பள்ளியின் வழிகாட்டி ஆலோசனை ஆசிரியரிடம் பேசலாம்; அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்தால் தேவைப்படும்போது அவர் மேற்கொண்டு அனுப்பிவைப்பார். பள்ளியில் யாராவது துன்புறுத்துகிறார்களா என்பதையும் விசாரித்துவிட வேண்டும். தனிமை என்று நாம் நினைப்பது சில வேளைகளில் பயமாக இருக்கும்.

எங்கள் வாடகை ஒப்பந்தம் விரைவில் முடிகிறது. அலுவலகத்துக்கு அருகில், ஷா ஆலாம் பக்கம் இதைவிட வசதியான வீடு கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஷிகேஹிரோ ஓயிஷி, உல்ரிச் ஷிம்மாக் என்ற உளவியலாளர்கள் 2010இல் 7,108 அமெரிக்கப் பெரியவர்களின் விவரங்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறு வயதில் அடிக்கடி வீடு மாறியவர்கள் பிற்காலத்தில் மனநிறைவு குறைந்தவர்களாக இருந்தார்கள்; அதுவும் கலகலப்பானவர்களிடம் இத்தொடர்பு காணப்படவில்லை, உள்ளொடுங்கிய இயல்புள்ளவர்களிடமே காணப்பட்டது. ஒருமுறை மாறுவதைப் பற்றி அஞ்ச அதில் ஒன்றுமில்லை. கூச்சமுள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு மூன்றாவது, நான்காவது முறை மாறுவதற்கு முன் யோசிக்கத்தான் வேண்டும். ஆகவே மகள் ஆறாம் ஆண்டு முடிக்கும்வரை இதே வளாகத்தில் இருப்பது என்று முடிவு செய்து, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வீட்டுக்காரர் இணங்காவிட்டால் என்ன செய்வதென்று வேறு மாடிகளிலும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். வாடகை கூடக்கூடாது என்பது என் மனைவியின் நிபந்தனை. திடலைப் பார்த்த பால்கனி வேண்டும் என்பது மகளின் நிபந்தனை. இரண்டும் சேர்ந்த வீடு ஏழாவது மாடியில் ஒன்று இருப்பதாகக் காவலாளி சொன்னார். சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.